போர்ட்லண்ட்: கல்லை ஏற்றுமதி செய்த தீவு

வீடு கட்டும் இடங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் சிமெண்டு மூட்டைகளைக் கூர்ந்து பார்த்தால், அவற்றுள் பலவற்றில் 'போர்ட்லண்ட் சிமெண்டு' என்ற சொற்களைக் காணலாம். அது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் என்றே பலர் எண்ணுவர். உண்மையில் அது ஒரு தீவின் பெயர். 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார், தாம் கண்டுபிடித்த சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். தண்ணீர் சேர்த்துக் குழைத்துக் காயவிட்டால், அக்காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட போர்ட்லண்ட் கல்லைப் போல அது தோற்றமளித்தது. எனவே அந்தக் கல்லின் பெயரையே தம் சரக்குக்கு வைத்துவிட்டார். ஒரு கொத்தனார் கடன் வாங்கும் அளவுக்கு அந்தப் பெயருக்கு மதிப்பு வந்தது எப்படி? அந்த மதிப்புக்காகத் தீவு மக்கள் கொடுத்த விலை என்ன?

போர்ட்லண்ட், இங்கிலாந்தின் தென்கடற்கரையில் டோர்செட் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறு தீவு. அதன் நீளம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அகலம் 3 கிலோமீட்டர்கூட இல்லை. செசில் என்னும் நீண்ட கூழாங்கல் கரை அதைப் பெருநிலத்தோடு இணைக்கிறது. ஆகவே அது முழுமையான தீவு அன்று என்று வாதிடுவோரும் உண்டு. தீவு மக்களிடம் அந்த வாதம் எடுபடாது. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களைக் குறிக்க, 'கிம்பர்லின்' என்று அவர்களிடம் தனிச் சொல்லே இருக்கிறது. இன்று அங்கு ஏறத்தாழ 13,000 பேர் வாழ்கின்றனர்.

சுண்ணாம்புக்கல் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை பத்துமலையும் ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகளும்தாம். அவை போர்ட்லண்ட் கல்லைவிட மிகப் பழமையானவை. அத்தகைய கல்லைப் பெரும்பாலும் உடைத்து, நொறுக்கி, சாலை போடவும் சிமெண்டு செய்யவும் பயன்படுத்துகிறோம். போர்ட்லண்ட் கல்லின் கதை வேறு. அதைப் பெரிய பாளங்களாகப் பெயர்த்தெடுத்து, உளியால் செதுக்கி, கட்டடமாக எழுப்பினர்.

அந்தக் கல் உருவாகி ஏறத்தாழ 14 கோடியே 50 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அப்போது அவ்விடம் வெதுவெதுப்பான, ஆழமற்ற கடலாக இருந்தது. அலையில் உருண்ட நுண்ணிய சிப்பித் துணுக்குகள் மீதும் மணல் துகள்கள் மீதும் சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து, மீன் முட்டைகளைப் போன்ற சிறு மணிகளாயின. அம்மணிகள் இறுகிப் பாறையாயின. மணிகள் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமைந்திருப்பதால் கல்லை எந்தத் திசையிலும் வெட்டலாம். செதுக்க இணங்கும், ஆனால் மழைக்கும் புகைக்கும் எளிதில் கரையாது. இவ்விரு குணங்களும் ஒரே கல்லில் அமைவது அரிது. மென்மையான கல் விரைவில் சிதையும். உறுதியான கல்லோ உளியின் முனையை மழுக்கிவிடும்.

தீவுக் கல்வினைஞர்கள் பாறையை மூன்று படுகைகளாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கின்றனர். மேலே இருப்பது 'ரோச்'. சங்குகளும் சிப்பிகளும் கரைந்துபோன பள்ளங்கள் அதில் நிறைந்திருக்கும். திருகாணி போன்ற ஒரு சங்கின் அச்சை 'போர்ட்லண்ட் திருகாணி' என்றும், இன்னொரு சிப்பியின் அச்சைக் 'குதிரைத் தலை' என்றும் அவர்கள் அழைத்தனர். அடுத்து வருவது 'விட்பெட்'; வெளிச்சுவர்களுக்கு மிகவும் ஏற்றது. அதற்கும் அடியில் உள்ள 'பேஸ்பெட்', நுட்பமான சிற்ப வேலைக்கு உகந்தது. இம்மூன்றையும் அடைவதற்கு முன், மேலே பல மீட்டர் உயரத்திற்குக் கிடக்கும் மண்ணையும் பயனற்ற பாறையையும் அகற்ற வேண்டும். கல்லுடைக்கும் தொழிலில் பெரும்பகுதி உழைப்பு அந்தக் கழிவை அகற்றுவதிலேயே போனது.

உரோமானியர் அத்தீவில் இருந்த காலத்திலேயே இக்கல்லைக் குடைந்து பிணப்பெட்டிகள் செய்தனர். 14-ஆம் நூற்றாண்டில் எக்சிட்டர் பேராலயத்துக்கும் இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்கும் அது கப்பலில் போனது. பிறகு இனிகோ ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞர், 1622-இல் கட்டி முடித்த விருந்து மாளிகைக்கு இதனைத் தேர்ந்தெடுத்தார். எனினும், தீவின் தலையெழுத்தை மாற்றியது ஒரு தீ விபத்துதான்.

1666-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இலண்டன் நகரம் நான்கு நாள்கள் எரிந்தது. 13,000-க்கும் மேற்பட்ட வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. பழைய செயின்ட் பால் பேராலயமும் தப்பவில்லை. மரத்தால் கட்டிய நகரத்தை இனிக் கல்லாலும் செங்கல்லாலும் கட்ட வேண்டும் என்ற முடிவு பிறந்தது. பேராலயத்தைக் கட்டும் பொறுப்பை ஏற்ற கிறிஸ்டோபர் ரென், போர்ட்லண்ட் கல்லையே விரும்பினார். கல்லின் தரம் மட்டும் இதற்குக் காரணமன்று. அது கடலோரத்திலேயே கிடைத்தது என்பதும் முக்கியமான காரணம். மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் சேற்றில் புதையும் சாலைகள் இருந்த காலம் அது. பல டன் எடையுள்ள கல்லை உள்நாட்டில் சில மைல் தூரம் இழுத்துச் செல்வதைவிட, கப்பலில் ஏற்றித் தென்கடற்கரையைச் சுற்றித் தேம்ஸ் ஆற்று வழியாகக் கொண்டு செல்வது எளிது.

'எளிது' என்றாலும் அது ஒப்பீட்டில் மட்டுமே. குன்றின் உச்சியிலிருந்து படகுத்துறைக்குக் கல்லை இறக்குவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. சரிவான பாதையில் கல் வண்டி தானாக உருண்டோடாமல் இருக்க, வண்டிக்குப் பின்னால் குதிரைகளைக் கட்டினர். அவை முன்னோக்கி இழுப்பதற்காக அல்ல. பின்னோக்கி இழுத்து வண்டியின் வேகத்தைத் தடுப்பதற்காக. இலண்டனை அடைந்த கப்பல்களின் பாய்மரங்கள் இலண்டன் பாலத்தின் தாழ்ந்த வளைவுகளுக்குள் நுழையா. எனவே கற்களைச் சிறு படகுகளுக்கு மாற்றி ஏற்றினர். அங்கிருந்து பேராலயம் இருக்கும் மேட்டுக்கு மீண்டும் இழுத்துச் செல்ல வேண்டும். 1675-இல் தொடங்கிய பேராலயப் பணி ஏறத்தாழ 35 ஆண்டுகள் நீடித்தது. பேராலயத்துக்கும் நகரின் பிற ஆலயங்களுக்குமாக ரென் ஏறத்தாழ 10 இலட்சம் கன அடிக் கல்லைப் பயன்படுத்தினார். 1696-இல் தீவின் வடகிழக்கில் ஏற்பட்ட நிலச்சரிவு பாதைகளையும் படகுத்துறையையும் நாசமாக்கியபோது, தொலைவில் இருந்த இலண்டனில் பேராலய வேலை தடைப்பட்டது. ஒரு சிறு தீவின் மண் சரிந்ததால் தலைநகரில் உளிச் சத்தம் அடங்கியது.

இந்த இடத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கல் யாருக்குச் சொந்தம் என்பது.

போர்ட்லண்ட் தீவு, அரசருக்கு உரிய பண்ணை நிலம். ஆனால் அங்கு வாழ்ந்த குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நில உரிமை இருந்தது. ஒவ்வொருவரும் அரசருக்குச் செலுத்த வேண்டிய சிறு வரியை, 'ரீவ் கோல்' எனப்படும் நீண்ட கம்பில் வெட்டுக்குறிகளாகப் பதித்து வைத்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் குறியைத் தடவிப் பார்த்தே கணக்கைச் சரிபார்க்கலாம். தந்தையின் நிலம் மூத்த மகனுக்கு மட்டும் போகாது, பிள்ளைகளிடையே பங்கிடப்படும். அதனால் வயல்கள் காலப்போக்கில் மெல்லிய பட்டைகளாகச் சுருங்கின. நிலம் கைமாறும்போது தீவு மக்கள் வழக்கறிஞரைத் தேடிப் போவதில்லை. கொடுப்பவரும் பெறுபவரும் தேவாலயத்துக்குள் சென்று, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் பத்திரத்தில் கையொப்பமிடுவர். அதோடு நிலம் மாறிவிடும். இதனை 'ஆலயக் கொடை' என்றனர். கல் வாங்க வந்த பெரிய வணிகர்களுக்கு இம்முறை பெரும் தலைவலி. பட்டை நிலத்தின் அடியில் இருக்கும் கல் அந்நிலத்துக்காரருக்கே சொந்தம். ஒரு குவாரி திறக்க வேண்டுமானால் பல குடும்பங்களுடன் தனித்தனியாகப் பேச வேண்டும். குடும்பச் சொத்தைப் பங்கிட ஏற்பட்ட ஒரு பழைய வழக்கம், ஒரே முதலாளி தீவை வளைத்துப் போடாதபடி நெடுங்காலம் காத்தது.

எல்லா நிலமும் இப்படிப் பட்டைகளாக இருக்கவில்லை. தீவின் ஓரங்களில் பொது மேய்ச்சல் நிலம் இருந்தது. அங்கே தீவு மக்கள் தங்கள் சிறு உருவச் செம்மறியாடுகளை மேய்த்தனர். அரசரின் கட்டடங்களுக்கான கல் பெரும்பாலும் அந்நிலத்திலிருந்தே தோண்டப்பட்டது. குவாரி விரிந்தபோது மேய்ச்சல் நிலம் சுருங்கியது. தீவு மக்கள் முறையிட்டனர். அதன் பயனாக, தோண்டி எடுக்கும் ஒவ்வொரு டன் கல்லுக்கும் விதிக்கப்பட்ட தீர்வையில் ஒரு பங்கை அவர்களுக்கு இழப்பீடாகக் கொடுக்க இரண்டாம் சார்லஸ் மன்னர் 1665-இல் இணங்கினார். பங்கைக் கொடுப்பதாகச் சொல்வது ஒன்று. அதை ஒழுங்காகப் பெறுவது வேறொன்று. கல்லின் மீதான உரிமை குறித்தும் பணம் குறித்தும் தீவு மக்களுக்கும் ரென்னின் ஆள்களுக்கும் இடையே அடிக்கடி உரசல் எழுந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரென் அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று சாடிக் கடிதமே எழுதினார். மாபெரும் பேராலயத்தைக் கட்டி முடிக்கத் துடித்த முதியவரின் பதற்றம் நமக்குப் புரிகிறது. ஆயினும், அவர் கண்ணுக்குக் கல்லாகத் தெரிந்தது, மற்றவர் கண்ணுக்கு நேற்றுவரை ஆடு மேய்ந்த புல்வெளி. வெட்டியெடுத்த புல்வெளி மறுபடி முளைப்பதில்லை. ஆகவே தீவு மக்களை நன்றி கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொழிலின் நுணுக்கங்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தன. பாறையில் வெடி வைத்தால் நல்ல கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அதனால் கல்லைப் பெயர்க்கும் வேலை பெரும்பாலும் கையாலேயே நடந்தது. பாறையில் இயற்கையாக ஓடும் பிளவுகளைக் கண்டறிந்து, வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் இரு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஓர் ஆப்பைச் செருகுவர். பிறகு வரிசையில் உள்ள எல்லா ஆப்புகளையும் சுத்தியலால் மாறி மாறிச் சிறிது சிறிதாக அடிப்பர். அவசரப்பட்டு ஓர் ஆப்பை மட்டும் ஓங்கி அடித்தால் பிளவு கோணலாகும்; மாதக்கணக்கான உழைப்பு வீணாகும். பாறையைத் தட்டி, அதன் ஒலியைக் கேட்டே உள்ளே பழுது இருக்கிறதா என்று சொல்லக் கூடியவர்கள் அவர்களுள் இருந்தனர். நல்ல கல் மணிபோல ஒலிக்கும்.

இத்தகைய தொழிலில் ஆபத்து எப்போதும் தலைக்கு மேல் நின்றது. பாறை சரிவதற்கு முன் முயல்கள் வளைகளை விட்டு வெளியே ஓடுவதைக் கல்வினைஞர்கள் கண்டிருந்தனர். வளை தோண்டி மண்ணைத் தளரச் செய்வதும் முயல்தான் என்று சிலர் நம்பினர். எப்படியோ, முயலைக் கண்டால் அன்று வேலையைப் போட்டுவிட்டு வீடு திரும்பும் வழக்கம் ஏற்பட்டது. நாளடைவில் அந்தப் பெயரைச் சொல்வதே தீங்கு என்றாயிற்று. 'நீண்ட காது' என்றும் 'நிலத்தடி ஆட்டிறைச்சி' என்றும் சுற்றி வளைத்துப் பேசினர். இரவில் பாம்பைப் 'பூச்சி' என்று சொல்லும் நம் பாட்டிமார்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. 2005-இல் ஒரு முயல் பூதத்தைப் பற்றிய கேலிச்சித்திரத் திரைப்படம் வெளிவந்தபோது, போர்ட்லண்டுக்காக மட்டும் அந்தச் சொல் இல்லாத விளம்பரத் தாள்கள் அச்சிடப்பட்டன. வெளியூரார் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். குவாரியில் உறவினரை இழந்த குடும்பங்கள் அந்த நம்பிக்கையைச் சிரிப்புக்காக உண்டாக்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் வேலையின் வேகம் கூடியது. 1826-இல் 'வணிகர் இருப்புப்பாதை' திறக்கப்பட்டது. கல் ஏற்றிய பெட்டிகள் சரிவில் இறங்கும்போது, அவற்றோடு சங்கிலியால் பிணைக்கப்பட்ட வெற்றுப் பெட்டிகள் மேலே ஏறும். எடையே எந்திரமாக வேலை செய்தது. குதிரைகளைப் பின்னால் கட்டும் காலம் மெல்ல மறைந்தது.

பிறகு, கூலி வாங்காத தொழிலாளர்களும் வந்தனர். போர்ட்லண்டின் வடகிழக்கே கடற்படைக்குப் பாதுகாப்பான துறைமுகம் அமைக்க, மிகப் பெரிய அலைதடுப்புச் சுவர் தேவைப்பட்டது. அதற்கான கல்லை வெட்டுவதற்காகவே தீவில் ஒரு சிறைச்சாலையை எழுப்பினர். 1848 நவம்பரில் முதல் கைதிகள் வந்து இறங்கினர். அடுத்த ஆண்டு தொடங்கிய சுவர், 1872-இல் நிறைவு பெற்றது. வெயிலிலும் கடற்காற்றிலும் கல் உடைத்த கைதிகளுள் பலர் அங்கேயே மாண்டனர். அவர்கள் வேலை செய்வதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் கூட்டமாக வந்ததும், அருகிலிருந்த சில வீட்டுக்காரர்கள் மாடிச் சன்னலோரம் தேநீர் விற்றுக் காசு பார்த்ததும் உண்டு. தீவின் வரலாற்றில் பெருமைப்பட முடியாத பக்கம் இது. ஆனால் அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. அதைப் பார்க்கிறவர்கள், அது யார் கையால் எழும்பியது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

முதல் உலகப் போருக்குப் பின் தீவுக்கு வந்த வேலை வேறு விதமானது. போரில் மாண்ட வீரர்களின் கல்லறைகளுக்கு ஒரே வடிவிலான கல் நட வேண்டும் என்றும், அதிகாரி, சிப்பாய் என்ற வேறுபாடு கூடாது என்றும் முடிவு செய்யப்பட்டது. ஏறத்தாழ 81 செண்டிமீட்டர் உயரமும் 38 செண்டிமீட்டர் அகலமும் உள்ள, மேற்பகுதி சற்று வளைந்த கல் அது. சிங்கப்பூர் கிராஞ்சிப் போர்க் கல்லறையில் நாம் பார்ப்பதும் அதே வடிவம்தான். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றின் கீழே, குடும்பத்தார் விரும்பினால் 66 எழுத்துகளுக்குள் ஒரு வாசகத்தைச் சேர்க்கலாம். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நடுவதற்காகப் போர்ட்லண்டிலிருந்து இலட்சக்கணக்கான கற்கள் புறப்பட்டன. இலண்டனில் 1920-இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னமும் போர்ட்லண்ட் கல்லால் ஆனதே.

அந்தப் பெரும் வேலைக்குப் பிறகு வந்தது சரிவு. 20-ஆம் நூற்றாண்டில் உலகம் காங்கிரீட்டுக்கு மாறியது. காங்கிரீட்டைப் பிணைப்பது போர்ட்லண்ட் சிமெண்டு. கல்லின் பெயரைக் கடன் வாங்கிய பொருளே கல்லின் வேலையையும் எடுத்துக்கொண்டது. பாரந்தூக்கிகளும் அறுக்கும் எந்திரங்களும் வந்தபின், முன்பு ஒரு பெரும் குழு செய்த வேலையைச் சிலரே செய்து முடித்தனர். மலைச்சரிவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய வணிகர் இருப்புப்பாதையும் 1939-இல் மூடப்பட்டது. குவாரித் தொழிலை நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போயினர்.

கல்லெடுப்பு முற்றிலும் நின்றுவிடவில்லை. இன்றும் அங்கே கல் எடுக்கின்றனர், முறைதான் மாறியிருக்கிறது. வைர முனை பதித்த அறுவைக் கருவிகளால் பாறையை மூன்று பக்கமும் அறுத்து, பிளவுக்குள் தட்டையான இரும்புப் பையைச் செருகி, அதனுள் அழுத்தத்துடன் தண்ணீரைச் செலுத்துகின்றனர். பை உப்பும்போது பாளம் சத்தமின்றி நகர்ந்து வருகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, திறந்த குவாரிக்குப் பதிலாக நிலத்தடிச் சுரங்கம் அமைக்கும் முறையும் வந்திருக்கிறது. கூரையைத் தாங்கப் பாறைத் தூண்களை விட்டுவிட்டு, இடையில் உள்ள கல்லை மட்டும் எடுக்கின்றனர். இதனால் மேல்மண்ணை வாரிக் கொட்ட வேண்டியதில்லை. தூசியும் இரைச்சலும் குறைகின்றன. மேலே உள்ள வயலும் திடலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பல பத்தாண்டுகளுக்கு முன், சீரமைப்பைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படாத காலத்தில், பரந்த நிலப்பரப்புகளுக்குக் கொடுக்கப்பட்ட குவாரி அனுமதிகள் பின்னரும் செல்லுபடியாயின. வீட்டுக்கு அருகே குவாரி வரும்போதெல்லாம், வேலை வேண்டும் என்போருக்கும் நிலம் வேண்டும் என்போருக்கும் இடையே பழைய வாதம் புதிதாகத் தொடங்குகிறது. இரு தரப்பிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இருப்பதும் உண்டு.

கைவிடப்பட்ட குவாரிகள் வேறு விதமாக உயிர் பெற்றுள்ளன. சுண்ணாம்பு நிறைந்த, வளம் குறைந்த அந்த மண்ணில் உயரமான புல் செழிப்பதில்லை. அதனாலேயே சிறு காட்டுப் பூக்களுக்கு இடம் கிடைத்தது. பூக்களைத் தேடி நீல நிறச் சிறு வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. கிங் பேரோ என்ற பழைய குவாரி இப்போது இயற்கைக் காப்பிடம். டவுட் குவாரியில் 1983 முதல் சிற்பிகள் பாறைச் சுவர்களிலேயே சிற்பங்களைச் செதுக்கி வருகின்றனர். அவற்றுள் ஒன்று, பாறையின் மீது தலைகீழாக விழுவது போன்ற மனித உருவம். ஆண்டனி கோர்ம்லி என்ற புகழ்பெற்ற சிற்பி செதுக்கியது. அருகில், கல் வண்டிகள் போவதற்காக 1854-இல் கட்டிய வளைவு, சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்களுக்கு நடுவே இன்னும் உறுதியாக நிற்கிறது.

தீவின் மேற்பகுதியில் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செயின்ட் ஜார்ஜ் ஆலயம் இருக்கிறது. அதைக் கட்டியவர் தாமஸ் கில்பர்ட் என்ற உள்ளூர்க் கொத்தனார். அவருடைய பாட்டனார் செயின்ட் பால் பேராலயத்துக்குக் கல் கொடுத்தவர். தலைமுறைகளாகக் கல்லை வெளியூருக்கு அனுப்பிய தீவு, தனக்கென்று எழுப்பிக்கொண்ட பெரிய கட்டடம் அது. அதன் கல்லறைத் தோட்டத்தில் கல்வினைஞர்கள் பலர் புதைக்கப்பட்டிருக்கின்றனர். அவர்களுடைய கல்லறைக் கற்களில் உள்ள எழுத்துகளும் செதுக்கல்களும் வியக்கத்தக்க அளவுக்கு நேர்த்தியானவை. செதுக்கியவர்கள் அவர்களுடைய அண்டை வீட்டாரும் உறவினரும்தாம். தோட்டத்தின் மதிலுக்கு அப்பால் நிலம் திடீரென்று முடிகிறது. அங்கே குவாரி தொடங்குகிறது.